நெஞ்சுக்குத் தெரியாத பயம்

தனியாக இருந்தால் அவளுக்குக் கை நடுங்காது. யாராவது பார்த்தால் நடுங்கும். விஷயம் அவ்வளவுதான். ஆனால் அவள் எடுத்துக்கொண்ட வேலையோ, நாலு பேர் பெரிய திரையில் பார்த்து நிற்க, கையை அசையாமல் வைத்திருக்கும் வேலை.

கருத்தரிப்பு ஆய்வகத்தில் அவள் இளையவள். குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதிகளின் கருமுட்டையை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, முடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியால் அதற்குள் ஒரே ஒரு விந்தணுவைச் செலுத்த வேண்டும். அதைத் தனியாகச் செய்ய அனுமதி வேண்டுமானால் வெளியிலிருந்து வரும் தேர்வாளரின் முன்னால் செய்து காட்ட வேண்டும். பழகுவதற்கும் தேர்வுக்கும், எதற்கும் ஆகாதென்று ஒதுக்கிய முதிராத முட்டைகளைச் உரிய தம்பதிகளின் சம்மதத்தோடு வைத்திருப்பார்கள். மற்றவர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் அவள் அவற்றை வைத்துப் பழகுவாள். ஆய்வகத்தின் தலைவி, எல்லோருக்கும் மேடம், பிறகு வந்து பார்த்துவிட்டு, "இது யார் கை?" என்று மெச்சிக் கேட்பார். "என்னோடது மேடம்" என்று சொல்வதற்குள் அவளுக்குக் காது சிவந்துவிடும்.

முதல் தேர்வில் அந்தக் கை அவளைக் கைவிட்டது. தேர்வாளர் பின்னால் வந்து நின்றதுமே நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. அடிப்பு தோளுக்கு ஏறி, முழங்கைக்கு இறங்கி, விரலுக்கு வந்தது. திரையில் ஊசி முனை எலிவால் போலத் துடித்தது. அவள் ஊசியை முட்டையின் பக்கத்தில் கொண்டுபோகவே இல்லை. கையை எடுத்துவிட்டு எழுந்து, "முடியல. மன்னிச்சிடுங்க" என்றாள்.

"முட்டையக் குத்தாம எழுந்த பாரு, அது நல்ல விஷயம்" என்றார் மேடம், தன் அறையில். "ஆனா அதுக்கு மார்க் இல்ல. இன்னொரு தடவை கேட்டு வாங்கியிருக்கேன். அதுலயும் ஆகலன்னா உன்னை முன்பக்கம் கவுண்டர்ல உட்கார வைக்கச் சொல்லிட்டாங்க. எனக்கு மனசே வராது. ஆனா உட்கார வச்சுடுவேன்."

கவுண்டரில் உட்கார்ந்தால் நாள் முழுக்க ஆட்கள் பார்ப்பார்கள். அதை நினைத்தபோதே அவளுக்கு உள்ளங்கை வேர்த்தது.

டாக்டரிடம் போனாள். அந்த அம்மாள் வளவளவென்று பேசாதவர். நாடி பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், ஈசிஜி எடுக்கச் சொன்னார்.

"இழுப்பு உண்டா? சின்ன வயசுல மூச்சுத் திணறல், மார்ச்சளிக்கு மூக்குல மாஸ்க் வச்சு மருந்துப் புகை பிடிச்சது, அந்த மாதிரி?"

"இல்ல டாக்டர்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. இருந்தா இந்த மாத்திரை ஆகாது. சர்க்கரை? அடிக்கடி மயக்கம்?"

"இல்ல."

"சரி. இது பீட்டா பிளாக்கர். பயத்தைப் போக்குற மாத்திரைன்னு நினைச்சுக்காத. பயம் இருக்கும். அது உடம்பு பூரா தண்டோரா போடும் பாரு, அதை மட்டும் நிறுத்தும். தேர்வு அன்னைக்கு முதல் தடவையா போடாத. சும்மா ஒரு நாள்ல போட்டு, யாராவது பார்க்கற மாதிரி ஒரு வேலை செஞ்சு பாரு. தலை கிறுகிறுத்தா வந்து சொல்லு. வேற யாருக்கும் எடுத்துக் குடுக்காத."

அறிவியல் படித்தவளுக்கு இது புரியாத விஷயம் இல்லை. அட்ரினலின் வந்து உட்காரும் இடத்தில் இந்த மருந்து முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். பாடத்தில் இதற்கு முழு மதிப்பெண் வாங்கியவள். ஆனாலும் மாத்திரை அட்டையைக் கைப்பையின் அடியில், கைக்குட்டைக்குக் கீழே வைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தாள்.

வீடு மாடியில். கீழே அப்பாவின் சலூன். இரண்டு சுழல் நாற்காலி, எதிரும் புதிருமாகக் கண்ணாடி, அதனால் உட்காருகிற ஒவ்வொருவரும் தன் பிடரியைத் தானே பார்த்துக்கொள்ளலாம். அப்பாவுக்குத் தன் கையில் பெருமை அதிகம். கத்தி எடுத்த நாளிலிருந்து ஒரு கீறல் போட்டதில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். மகள் அந்த வேலைக்குச் சேர்ந்த பிறகு பெருமை இரண்டு மடங்காகிவிட்டது. "நான் தோலுக்கு மேல. என் மகள் உயிருக்குள்ள" என்பார். அவள் படியிறங்கி வரும் சத்தம் கேட்டாலே இதைச் சொல்வார். அவள் தலையைக் குனிந்துகொண்டு தெருவுக்கு ஓடிவிடுவாள்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. ஆய்வகத்துக்குள் வாசனை ஆகாது. சென்ட், பவுடர், வாசனை சோப்பு, எதுவும். இன்குபேட்டருக்குள் இருக்கும் கருக்களுக்கு அது கெடுதல். அதனால் மாடியில் எல்லோருக்கும் வாசனையில்லாத சோப்புதான். "கல்யாண வீட்டுக்குப் போனாலும் ஆஸ்பத்திரி தரை மாதிரியே போறேன்" என்று அம்மா அலுத்துக்கொள்வாள். அப்பாவின் கையில் ஷேவிங் லோஷன் ஊறிப்போயிருக்கும், கழுவினாலும் போகாது. காலையில் மகள் கிளம்பும்போது அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூன்றடி தள்ளி நின்றுதான் வழியனுப்புவார்.

மாத்திரை விஷயத்தைச் சாப்பிடும்போது சொன்னாள்.

"பயத்துக்கெல்லாமா மாத்திரை?" என்றாள் அம்மா. "எனக்குத் தெரிஞ்சிருந்தா உங்கப்பாவப் பொண்ணு பார்க்க வந்தப்பவே ஒண்ணு போட்டிருப்பேனே."

அப்பா சிரிக்கவில்லை. "நம்ம வீட்டுக்குச் சோறு போடுறதே கைதான். அந்தக் கைக்கு மாத்திரையா? வெளிய தெரிஞ்சா என்ன சொல்வாங்க?"

அவள் தட்டைப் பார்த்தபடி இருந்தாள். அவளுக்குள்ளும் அதே கேள்விதான் குடைந்துகொண்டிருந்தது. மாத்திரை போட்டுச் செய்தால் அதைச் செய்தது யார்?

"கைக்கு இல்லப்பா" என்றாள் கடைசியில். "கை நல்லாத்தான் இருக்கு. நெஞ்சுதான் ரொம்ப சத்தம் போடுது. சத்தத்துல கைக்கு நான் சொல்றது கேக்கல."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைந்து முடித்த பிறகும் பிசைந்தார். பிறகு கேட்டார்.

"யாராவது பார்க்கணும்னாங்களா டாக்டரு?"

"ஆமா."

"என் கடையில பார்க்கறதுக்கா ஆள் இல்ல?"

ஞாயிற்றுக்கிழமை கடை நிரம்பியிருந்தது. முடி வெட்ட வந்தவர்களும், முடியே இல்லாமல் பேப்பர் படிக்க வந்தவர்களும். அவர்களில் முக்கியமானவர் ரேடியோ. பிறந்தபோது வேறு பேர் வைத்திருப்பார்கள். வாய் ஓயாததால் இந்தப் பேர் நிலைத்துவிட்டது.

அவள் காலையிலேயே மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் மாடியில் உட்கார்ந்திருந்தாள். சட்டென்று எழுந்தபோது தலை லேசாகச் சுற்றியது, உட்கார்ந்து மெதுவாக எழுந்தாள், சரியாகிவிட்டது. விரல் நுனி கொஞ்சம் சில்லென்று இருந்தது. மணிக்கட்டில் நாடி பார்த்தாள். நிதானமாக நடந்துகொண்டிருந்தது. கடைக்குள் வந்து நாடி பார்த்தாள். எல்லாரும் அவளையே பார்த்தார்கள். நாடி அப்படியேதான் நடந்தது.

அப்பா ஒரு பலூனை ஊதி முடிச்சுப் போட்டு அதில் நுரையைத் தடவினார். சவரம் பழகுகிறவர்கள் முதலில் இதில்தான் பழகுவார்கள். பலூன் வெடிக்காமல் நுரையை மட்டும் கத்தியால் வழித்தெடுக்க வேண்டும். பள்ளிக்கூட விடுமுறையில் அவளுக்கு இதுதான் விளையாட்டு. தனியாக இருந்தால் ஒரு பலூன்கூட வெடிக்காது. "இங்க பாருங்க என் மகளை" என்று அப்பா ஆட்களைக் கூப்பிட்ட உடனே வெடிக்கும்.

"ஓரமா தள்ளி நில்லுங்கப்பா, வெடிச்சா காது போயிடும்" என்றார் ரேடியோ.

"உன் காதுக்கு வேலையே இல்லயே. வாய்க்குத்தானே வேலை" என்றார் அப்பா.

அவள் கத்தியைச் சாய்த்துப் பிடித்தாள். எல்லோரும் பார்க்கிறார்கள், இப்போது வெடிக்கப்போகிறது என்று மனசு வழக்கம்போலச் சொன்னது. சொல்லிவிட்டு நெஞ்சு பதில் சொல்வதற்காகக் காத்திருந்தது. நெஞ்சு ஒன்றும் சொல்லவில்லை. கதவைத் தட்டிப் பார்த்து யாரும் திறக்காததால் திரும்பிப்போகிற ஆளைப் போல, அந்த நினைப்பு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனது. கத்தி நுரையை ஒரே சீராக வழித்தது. சிவப்புப் பலூன் முழுசாக வெளியே வந்தது.

ரேடியோ காதிலிருந்து விரலை எடுத்தார்.

"பலூன்ல என்ன இருக்கு" என்றார் அப்பா. கழுத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து தலையைச் சாய்த்தார். "என் கன்னத்துல போடு."

"அப்பா, வேண்டாம்."

"இந்தக் கன்னத்துல வேற கை பட்டதே இல்ல. உனக்குத் தரேன். கீறிட்டாலும் வெளிய சொல்ல மாட்டேன். ரேடியோ சொல்லிடுவான், அதுக்கு நான் பொறுப்பில்ல."

அவள் நுரை தடவினாள். கத்தியைக் கையில் எடுத்ததும் ஆய்வகத்துப் பழக்கம் தானாக வந்துவிட்டது. அங்கே எதைத் தொடுவதற்கு முன்னாலும் அது யாருடையது என்று உரக்கச் சொல்ல வேண்டும். பக்கத்தில் ஒருவர் சாட்சியாக நின்று சரிபார்க்க வேண்டும்.

"முழுப் பேர், பிறந்த தேதி சொல்லுங்க" என்றாள்.

அப்பா நுரைக்குள்ளிருந்து கண்ணைத் திறந்தார். "யாரைக் கேக்கற?"

"உங்களைத்தான். சொன்னாத்தான் தொடுவேன்."

அப்பா பேரைச் சொன்னார். "தேதி எங்கம்மாவுக்கே சரியாத் தெரியாது. நல்ல மழை பெய்ஞ்ச நாளாம். போட்டுக்க."

"சாட்சி?"

"இவன்தான், இவனேதான்" என்றார் ரேடியோ கையைத் தூக்கி. "எந்தக் கோர்ட்டுல வேணா சொல்றேன்."

கடையே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் அவள் காதோரத்தில் கத்தியை வைத்தாள். கிருதாவிலிருந்து தாடைக்கு, தாடையிலிருந்து கழுத்துக்கு. தொண்டைக் குழி மேலும் கீழும் போனபோது நிறுத்தி, அது அடங்கும்வரை காத்திருந்து, பிறகு வழித்தாள். அப்பாவுக்குத்தான் நெஞ்சு அடித்துக்கொண்டது. கழுத்து நரம்பில் அது துள்ளுவதை அவள் விரலால் உணர்ந்தாள்.

முடிந்ததும் அப்பா கண்ணாடியை எட்டிப் பார்த்தார். கன்னத்தைத் தடவினார். எதிர்க் கண்ணாடியில் மறுபடி பார்த்தார். படிகாரக் கல்லை எடுத்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, தொடாமலேயே திரும்ப வைத்தார். கீறல் இல்லாதவனுக்குப் படிகாரம் எதற்கு.

"தங்கச்சி, உங்கம்மா சொன்னாங்களே, அந்த மாத்திரை ஒண்ணு இருக்குமா?" என்றார் ரேடியோ. "தம்பி கல்யாணத்துல மைக் பிடிக்கச் சொல்றாங்க. மைக்கைப் பார்த்தா எனக்கு உதறும்."

"உங்களுக்கா?"

"நாலு பேருன்னா பேசுவேன். நானூறு பேருன்னா நான் வேற ஆளு."

"உங்களுக்கு இழுப்பு இருக்கா அண்ணா?"

"பனிக்காலத்துல வரும். இன்ஹேலர் வச்சிருக்கேனே."

"அப்போ இது உங்களுக்கு விஷம் மாதிரி. தர மாட்டேன். டாக்டரைப் போய்ப் பாருங்க, வேற வழி சொல்வாங்க." கடையில் இத்தனை பேர் கேட்க அவள் இவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

தேர்வு அன்று காலை அவள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தாள். அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். மூன்றடி தள்ளித்தான்.

"போயிட்டு வரேன்பா."

"என் கன்னத்தை நினைச்சுக்க" என்றார். அடுத்த நொடி என்ன ஆனதென்று அவருக்கே தெரியாது. இரண்டெட்டு முன்னால் வந்து, உச்சந்தலையில் கையை வைத்து அழுத்தினார். அவளும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். இருவருக்கும் சட்டம் மறந்துபோனது.

உடைமாற்றும் அறையில் தொப்பியைப் போட்டதும்தான் அவளுக்கு உறைத்தது. தொப்பிக்குள்ளிருந்து அப்பாவின் கடை வாசம் வந்தது. லோஷன். பிறந்ததிலிருந்து பழகிய வாசம் என்பதால் வழியில் மூக்குக்குத் தெரியவே இல்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் மேடமும் தேர்வாளரும் தயாராக நின்றார்கள். தேர்வாளருக்கு அடுத்து வேறு ஊருக்குப் போக வேண்டியிருந்தது, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பிக்கு மேல் இன்னொரு தொப்பி போட்டால் யாருக்கும் தெரியாது. இழுத்தடித்தால் தேர்வே போய்விடும். போனால் கவுண்டர்.

பயம் இருந்தது. டாக்டர் சொன்ன மாதிரியே, அப்படியே முழுசாக இருந்தது. நெஞ்சு மட்டும் உப்பு வாங்கக் கடைக்குப் போகிற மாதிரி நடந்துகொண்டிருந்தது. ஊசியைப் பிடிக்கும் கைக்கு மாத்திரை இருக்கிறது. வாயைத் திறப்பதற்கு எந்த மாத்திரையும் இல்லை. அவள் கதவைப் பாதி திறந்தாள்.

"மேடம், என் தலையில லோஷன் வாசனை இருக்கு. குளிச்சிட்டு வரணும்."

மேடம் கிட்டே வந்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலயே. ரொம்பவா?"

"தேர்வுக்கு வச்சிருக்கறது எப்படியும் தூக்கிப் போடுற முட்டைதானேம்மா" என்றார் தேர்வாளர். "பரவாயில்ல, வா. நேரமாகுது."

"முட்டை அதுதான் சார். ஆனா அதே ரூம்ல இன்குபேட்டருக்குள்ள மத்தவங்க கரு இருக்கு."

அவர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். மேடமும் பார்த்தார். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. தாழ்த்தத் தோன்றியது, தாழ்த்தவில்லை.

"போய்க் குளிச்சிட்டு வா" என்றார் மேடம். "சார் காத்திருப்பார்." பிறகு அவரிடம் திரும்பி, "காத்திருப்பீங்க இல்ல?" என்றார். கேள்வி மாதிரி இல்லை அது.

ஈரத் தலையைத் துண்டால் இறுக்கித் துவட்டி, புதுத் தொப்பிக்குள் அடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பின்னால் மேடம், தேர்வாளர், சாட்சிக்கு ஒருவர் என்று மூன்று பேர் நின்றார்கள். தட்டிலிருந்த எண்ணை உரக்கப் படித்தாள். சாட்சியாக நின்றவர் சரியென்றார். திரையில் முட்டை வந்தது, ஊசி வந்தது. ஊசி முனை வரைந்து வைத்த கோடு போல நின்றது.

அந்த நிற்றலை அவளே ஒரு கணம் பார்த்தாள்.

பிறகு ஊசியை உள்ளே தள்ளினாள். முட்டையின் ஓரம் குழிந்தது, பலூனை விரலால் அழுத்தினால் குழிகிற மாதிரி. குழியும், உடையாது. எதுவரை தள்ளலாம் என்பதை எந்தப் புத்தகத்திலும் எழுத முடியாது, கைதான் சொல்ல வேண்டும். கை சொன்னது. அவளுக்குக் கேட்டது. மெல்ல உறிஞ்சினாள். சவ்வு விட்டுக்கொடுத்தது. விந்தணுவை உள்ளே வைத்துவிட்டு வந்த வழியே ஊசியை எடுத்தாள். குழி மெதுவாக நிரம்பி முட்டை மறுபடி உருண்டையானது.

"அடுத்தது" என்றார் தேர்வாளர். அதன்பிறகு அவர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

எல்லாம் முடிந்ததும், "போன தடவை இந்தக் கைதானா நடுங்குச்சு?" என்று கேட்டார். "நடுவுல என்ன பண்ணின?"

பயிற்சி என்று சொல்லியிருக்கலாம். அதுவும் பொய்யில்லை.

"பீட்டா பிளாக்கர் போட்டிருக்கேன் சார். டாக்டர் பார்த்துக் குடுத்தது."

மேடம் சுவரைப் பார்த்தார். அது அவருக்கும் தெரியாது.

"எழுதிக்கலாமா?"

"எழுதிக்கோங்க. தனியா செய்யும்போது எனக்கு இது தேவையில்ல. யாராவது பின்னாடி நின்னாதான்."

"நான் தினமும் பின்னாடி நிப்பேனே" என்றார் மேடம்.

"உங்களுக்குப் பழகிக்கறேன் மேடம். கொஞ்சம் டைம் குடுங்க."

தேர்வாளர் சிரித்துவிட்டார். "மாத்திரை கையைத்தான் நிறுத்தும். ஊசியை எங்க நிறுத்தணும்னு அது சொல்லாது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். "குளிக்கப் போகவும் சொல்லாது."

சாயங்காலம் அவள் கடைக்குள் வந்தபோது அப்பா ரேடியோவின் தலையில் பாதி வெட்டி முடித்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். கத்தரிக்கோல் அந்தரத்தில் நின்றது.

"அப்பா, காலையில என் தலையில கை வச்சீங்க."

அவர் தன் கையைப் பார்த்தார். "ஐயோ. கெடுத்துட்டேனா?"

"இல்ல. சொல்லிட்டு, தலைக்குக் குளிச்சிட்டுப் போனேன். அவங்க காத்திருந்தாங்க. பாஸ்."

"காத்திருந்தாங்களா? பரீட்சை வைக்க வந்தவங்களே?"

"ஆமாப்பா."

அப்பா நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றினார், அதில் ரேடியோ இருப்பது மறந்து. "கேட்டியா? என் கை வாசனையோட உள்ள போக மாட்டேன்னு பெரிய ஆளை நிக்க வச்சுட்டுக் குளிச்சிருக்கா. மாத்திரை போட்டுக்கிட்டுதான் செஞ்சா. அதையும் சொல்லிட்டுச் செஞ்சிருப்பா, என் மகள்."

"அப்பா, மெதுவா."

"எதுக்கு மெதுவா? ஒளிக்கறதுக்கு என்ன இருக்கு?"

"எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடுத்தா..." என்று ஆரம்பித்தார் ரேடியோ, பாதித் தலையோடு.

"உனக்கு இழுப்பு இருக்கு. கூடாது. டாக்டரைப் பார்த்தியா இல்லயா?" அப்பா வாசலில் காத்திருந்தவரிடம் திரும்பினார். அந்த மனிதர் கிருதாவைத் திருத்திக்கொள்ள வந்தவர், இதில் எதுவும் தெரியாதவர். "உங்களுக்கு எப்படி? இழுப்பு இருக்கா?"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மாடிப்படிக்குத் திரும்பினாள். கடந்து போகும்போது அப்பாவின் கை பழக்கதோஷத்தில் எழுந்து, நினைவு வந்து, அவள் தலைக்கு மேலே தயங்கி நின்றது. லேசாக நடுங்கியது.

"நாளைக்கு எனக்கு லீவுப்பா" என்றாள் அவள். தலையைக் குனிந்து கொடுத்தாள்.